சுவருக்குள் போன கேபிள்

தம்பி வீட்டை விட்டுப் போன செவ்வாய்க்கிழமை, அண்ணனுக்கு லைசென்ஸ் டெஸ்ட் நாள். அவரிடம் கார் ஓட்டப் பழகிய நான்கு பேர் அன்று ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது; மூன்று பேர் தேறினார்கள், ஒருவர் கம்பத்தில் இடித்தார். ஆனாலும் அண்ணன் சாயங்காலம் வரை மைதானத்து வேலியோரம் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். சாமான் ஏற்றிய லாரி ஊரைத் தாண்டியிருக்கும் என்று நிச்சயமான பிறகுதான் வீடு திரும்பினார்.

"சொல்லிட்டுப் போகணும்னு ரொம்ப நேரம் வாசல்லயே நின்னான்," என்றாள் மனைவி.

"நான் நிக்கச் சொன்னேனா?"

"போக வச்சது நீங்கதானே?"

அவர் யாரையும் போகச் சொல்லவில்லை. 'இப்ப வேணாம்' என்றுதான் சொல்லியிருந்தார். வயரிங் வேலை பார்க்கும் தம்பி, வாசலறையில் சொந்தமாக ஒரு சின்ன ஆபீஸ் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டபோதெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகள்தாம் பதில். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். காலமெல்லாம் அதில் கால் வைத்துப் பழகியவர் அவர். மனைவி வேலைக்குப் போகிறேன் என்றாலும், மகள் வெளியூரில் படிக்கிறேன் என்றாலும், அந்தக் கால் தானாக அழுந்தும். தெருவில் அவரை மரியாதையாக 'பிரேக்கு சார்' என்பார்கள். அவர் தெரு திரும்பியதும் சார் உதிர்ந்துவிடும்.

தம்பி போன சில மாதங்களில் அண்ணன் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினார். பெரிய டிவி, ஐந்து ஸ்பீக்கர், முக்காலி உயரத்தில் ஒரு சப்வூஃபர், எல்லாவற்றையும் கட்டி மேய்க்க ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி. கூடத்தைப் புதுப்பித்தபோதே தம்பி, பின்னால் இது வரும் என்று கணக்குப் போட்டு, பூசுவதற்கு முன்பே சுவருக்குள் குழாய் பதித்து நீளமான கேபிள் ஒன்றை ஓட்டியிருந்தான். ஒரு முனை உள்சுவர் அலமாரியில், ஆம்ப்ளிஃபயருக்கு. மறுமுனை ஜன்னல் பக்கத்துச் சுவரில், டிவிக்கு.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் படத்தைக் கெடுக்கும் என்றார். டிவியை உள்சுவருக்கும் பெட்டிகளை ஜன்னலடிக்கும் மாற்றி வைக்கச் சொன்னார். கேபிளுக்கு இரண்டு முனை, எது எங்கே இருந்தால் என்ன என்பது அவர் எண்ணம்.

கடையிலிருந்து பொருத்த வந்த ஆள் எல்லாவற்றையும் மாட்டினான். சத்தம் கூடத்தை அதிர வைத்தது. படம் மட்டும் வரவில்லை. அவன் கையோடு கொண்டுவந்திருந்த வேறொரு கேபிளைத் தரையில் இழுத்து மாட்டியதும் பளிச்சென்று வந்தது.

"பொருள்ல குறை இல்ல சார். சுவத்துக்குள்ள இருக்கிறது போயிடுச்சு."

"போயிடுச்சா, போக வச்சிட்டானா?"

அந்த ஆளுக்கு என்ன தெரியும். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான்.

"ஒரு போன் போட்டுக் கேட்டா தீர்ந்துச்சு. அவன் போட்ட கேபிள், அவனுக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி.

"அறுத்தவன்கிட்டயே போய், எங்கப்பா அறுத்தேன்னு கேக்கச் சொல்றியா?"

"அறுத்தான்னு நீங்க பாத்தீங்களா?"

"கோவத்துல போனவன். வேற யாரு செய்வா?"

அன்றிலிருந்து கடைக்காரன் மாட்டிய கேபிள் கூடத்தின் குறுக்கே தரையில் கிடந்தது. வருகிறவர்கள் அதில் தடுக்கினார்கள். தடுக்கிய ஒவ்வொருவருக்கும் அண்ணன் காரணம் சொன்னார். மாமாவுக்குச் சொன்னார், சித்திக்குச் சொன்னார், தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதைக்குச் சதை போட்டது. முதலில் 'அறுத்திருப்பான்' என்றது, பிறகு 'அறுத்துட்டான்' ஆனது, கடைசியில் எந்த இடத்தில் கத்தி வைத்தான் என்பது வரை வந்து நின்றது.

அந்தச் சமயம் அவரிடம் ஓட்டப் பழக வந்தார் ஒரு கட்டட கான்டிராக்டர். ஊர் மாறிய பிறகும் தம்பிக்குப் பாதி வேலை அவர் கொடுப்பதுதான்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க. மெதுவா. என் தம்பி பண்ணின காரியம் கேள்விப்பட்டீங்களா?"

"நல்ல வேலைக்காரனாச்சே சார்."

"சொந்த அண்ணன் வீட்டுச் சுவத்துக்குள்ளயே கேபிளை அறுத்துட்டுப் பூசிட்டுப் போனவன். ரோட்டைப் பாருங்க, ரோட்டை."

கான்டிராக்டர் ரோட்டைப் பார்த்தார். அடுத்த கட்டடத்து வயரிங்கை வேறு ஆளுக்குக் கொடுத்தார். சுவருக்குள் செய்கிற வேலையில் நம்பிக்கைதான் முதல். பூசிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று யார் பார்ப்பது? இந்தப் பேச்சு அவர் வாயிலிருந்து இன்னும் இரண்டு கான்டிராக்டர்களுக்குப் போனது.

தங்கை மகள் கல்யாணத்துக்குத் தம்பி தன் மனைவியோடு வந்திருந்தான். பந்தியில் அவன் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த சித்தப்பா செருப்பைத் தேடுவதுபோல எழுந்துபோனார். மாமா நலம் விசாரித்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நகர்ந்தார். தூரத்தில் நின்ற அண்ணன் அதையெல்லாம் பார்த்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்கடுத்த மாதம் தம்பி வேலை தேடி வெளிநாடு போய்விட்டான் என்று தங்கை வந்து சொன்னாள். "இங்க ஒருத்தரும் கூப்பிடலையாம். என்ன காரணம்னே புரியலைன்னு புலம்பினான்," என்றாள்.

"புரியாம என்ன? மனசுக்குத் தெரியும்," என்றார் அண்ணன்.

பல வருஷம் கழித்து உள்சுவரில் ஈரம் கசிந்தது. தண்ணீர்க் குழாய் உடைப்பு. கொத்தனார் சுவரைத் தட்டிப் பிளந்தபோது, தம்பி பதித்த குழாயும் வெளியே வந்தது.

"உள்ள இருக்கிற கேபிளை உருவிரட்டுமா சார்?"

"உருவுங்க. முழுசா உருவுங்க." மனைவியையும் கூப்பிட்டார். "வா, வந்து உன் கொழுந்தன் லட்சணத்தைப் பாரு."

கேபிள் பாம்புபோல வழுக்கிக்கொண்டு வந்தது. முனையிலிருந்து முனைவரை ஒரு கீறல் இல்லை. மனைவி பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

உள்ளே அறுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அங்கிருந்த பெண் ஒரு டிவியில் மாட்டிப் பார்த்தாள். படம் வந்தது.

"நல்லாத்தானே இருக்கு. எங்க வேலை செய்யலைன்னீங்க?"

அவர் சொன்னார். டிவி எங்கே, பெட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டாள்.

"திருப்பி மாட்டியிருக்கீங்க சார். இது கண்ணாடி இழை கேபிள், ஒரு பக்கமாத்தான் படம் போகும். முனையிலயே பொடி எழுத்துல போட்டிருக்கு பாருங்க, இது பெட்டிக்கு, இது டிவிக்கு. போட்டவர் சரியாத்தான் போட்டிருக்கார். நீங்க இடத்தை மாத்தினப்போ அவரைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பார்."

அவள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். அண்ணனின் வலது கால் கடைத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, அங்கே ஏதோ இருப்பதுபோல.

வீட்டில் யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. கான்டிராக்டரைக் கடைத்தெருவில் பார்த்தபோது, "வண்டி எப்படி ஓடுது?" என்று மட்டும் கேட்டார். தங்கையிடம் எதற்கோ போலத் தம்பியின் நம்பரை வாங்கினார். எழுதுவதும் அழிப்பதுமாகப் பல நாள் போயிற்று. தம்பி திரும்பி வருவானா என்பதெல்லாம் இருக்கட்டும், மன்னித்தேன் என்று அவன் ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்று நினைத்தார். கடைசியில் ஒருநாள், லைசென்ஸ் டெஸ்ட் மைதானத்தில் காருக்குள் உட்கார்ந்து அனுப்பினார்: "தம்பி, அந்தக் கேபிள் நல்லாத்தான் இருந்துது. நீ அறுக்கலைன்னு இப்பத் தெரிஞ்சுது. எல்லார்கிட்டயும் சொன்னது என் தப்பு."

பதில் இல்லை. அந்த நம்பர் மாறியிருக்கும் என்று நினைத்தார். கோபம் தீரவில்லை போல என்றும் நினைத்தார். அப்படி நினைப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது. மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது. ஒரு மத்தியானம், கார் ஓட்டப் பழகுகிற பெண் ஒருத்தி சிக்னலில் நிறுத்தியிருந்தபோது, அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"எந்தக் கேபிள்ணா? யார்கிட்ட என்ன சொன்னீங்க?"