பெயர் போடாத படம்

இன்று டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத் தமிழ்க்கடையில் ஒரு விசா மேதையைச் சந்தித்தேன். அசாதாரணத் திறமை இருந்தால் அமெரிக்கா வேலை விசா கொடுக்குமாம்.

"என்ர தம்பி வயலின் வித்துவான், அண்ணை. சண்டை முடிஞ்சு இப்ப வவுனியா முகாமில இருக்கிறான்" என்றேன்.

"முகாம் கிடக்கட்டும். விருது ஏதும் எடுத்தவரோ?"

"எடுத்ததெல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு."

"பேப்பரில வந்தவரோ?"

"ஓம், போன கிழமை டெனிஷ் பேப்பரில வந்தவன். முள்ளுக்கம்பிக்குப் பின்னால சோத்துக்கு வரிசையில நிக்கிற படம்."

மேதை கத்தரிக்காய் பொறுக்கியபடியே யோசித்தார். "கீழ பேர் போட்டிருக்கோ?"

"இல்லை."

"அப்ப அது செல்லாது."

தம்பி உயிரோடு இருக்கிறான் என்று அம்மா நம்புவதே அந்தப் படத்தை வைத்துத்தான். அது செல்லாதாம்!

அந்தப் பேப்பரில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? படத்துக்குக் கீழே ஒரு பெயர் போடச் சொல்லுங்கள். வயலினை அவன் பிறகு வாசித்துக்கொள்வான்.