கிளட்ச் இல்லாத வண்டி

அப்பாவின் கார் கோவில்பட்டிப் பட்டறையில் கிடந்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அக்கா அதை இனிமேல் ஓட்டவே முடியாமல் போக வேண்டும். அப்பா இறந்து காரியம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. துக்க வீட்டுக்காரன் இப்படியா நினைப்பான்? நான் நினைத்தேன்.

அப்பாவுக்கு வத்தல் வியாபாரம். புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் களத்தில் காயும் மிளகாய் வத்தலைக் கையில் அள்ளிப் பார்த்து, விலை பேசி வாங்கி, கோவில்பட்டிக் கடைகளுக்குக் கொடுப்பார். ஒரு தடவை லாரியிலிருந்து மூட்டை சரிந்து விழுந்ததில் அவருக்கு இடது முட்டி மடங்காமல் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க அந்தக் கால் ஆகாது. அதனால்தான் யாரோ ஓட்டிக் கழித்த ஆட்டோமேட்டிக் காரை வாங்கினார். அப்புறம் கண்ணும் மங்கியது. அக்காவை உட்கார வைத்து ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். அக்காவை ஓட்டப்பிடாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் வெளிநாட்டில். வத்தல் சீசன் வந்துவிட்டால் அவள் பஸ் ஏறி வந்துவிடுவாள்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோ என் கையில். காரையும் நானே ஓட்டுகிறேன் என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"ஒனக்கு எந்த வண்டிய குடுத்தாலும் ஓட்டிருவ. அவளுக்கு இது ஒண்ணுதானலே வரும்" என்றார் அப்பா.

நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் கூடுதலாக எரிந்தது.

கார் முன்னால் போகும். மூட்டைகளோடு நான் பின்னால் போவேன். கரிசல் புழுதிக்குள் காரின் பின்கண்ணாடியில் இரண்டு தலைகள் தெரியும். திடீரென்று அப்பாவின் தலை பின்னால் சாய்ந்து குலுங்கும். சிரிக்கிறார். வீட்டில் என்னோடு அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. என்னிடம் கேட்பதெல்லாம் கயிற்றை இறுக்கிக் கட்டினியா, டீசல் இருக்கா, அவ்வளவுதான். இறங்கியதும் என்ன சிரிப்பு என்று கேட்க நினைப்பேன். கேட்டால் வழியெல்லாம் நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தது தெரிந்துவிடும். கேட்கவே இல்லை. சாவன்று அக்கா அவர் தலைமாட்டில் விழுந்து என்னென்னவோ சொல்லி அழுதாள். சொல்லி அழ இவளிடம் எவ்வளவு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

காரியம் முடிந்த பிறகு ஒரு மழை பெய்தது. களத்தில் கிடந்த படுதாவை எடுத்து வர அக்கா காரில் போனாள். வண்டிப்பாதையில் நனைந்த கரிசல் மண் சக்கரத்தை அப்பிப் பிடித்துக்கொண்டது. இஞ்சினும் நின்றுபோனது. எங்கள் பக்கம் எந்த வண்டி சிக்கினாலும் வழக்கம் ஒன்றுதான். டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுப்பார்கள். சித்தப்பா டிராக்டரோடு வந்தார். கார் மேட்டுக்கு வந்த பிறகும் இஞ்சின் பிடிக்கவில்லை.

"நியூட்ரல்ல போட்டுட்டு ஸ்டியரிங்க மட்டும் பிடிச்சுக்க தாயி. இப்படியே கோவில்பட்டிக்கு இழுத்துக்கிட்டுப் போயிருவோம்" என்றார் சித்தப்பா.

அப்படியே போனோம். நான் வழக்கம்போலப் பின்னால்.

இஞ்சின் நின்றதற்குக் காரணம் ஈரம் பட்ட ஒரு வயர். துடைத்து மாட்டியதும் ஓடியது. ஆனால் முன்னால் ஓட்டும் 'டி' கியரில் போட்டால் கார் உறுமியதே தவிர நகரவில்லை. மெக்கானிக் அண்ணாச்சி கியர் பாக்ஸில் ஆயில் அளக்கும் கம்பியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். தீய்ந்த வாடை அடித்தது.

"எப்படிலே கொண்டுட்டு வந்திய?"

"டிராக்டர்ல கட்டி இழுத்துத்தான் அண்ணாச்சி. நியூட்ரல்லதான் போட்டிருந்துச்சு."

"நியூட்ரல்ல போட்டா சரியாப்போச்சா? இது என்ன மாட்டு வண்டியா? இஞ்சின் ஓடுனாத்தாம்லே கியர் பாக்ஸுக்குள்ள ஆயில் ஏறும். இஞ்சின் ஓடாம அம்புட்டு தூரம் சக்கரம் மட்டும் உருண்டா உள்ள பூரா காஞ்சு கருகிரும்."

இரண்டு வழி சொன்னார். கியர் பாக்ஸைப் பிரித்து, கருகிய தட்டுகளை மாற்றிச் சரிசெய்யலாம். சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும். பழைய வண்டி, எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல முடியாது. இல்லையென்றால் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இதே மாடல் உடைசல் வண்டியில் கழற்றிய சாதா கியர் பாக்ஸும் கிளட்சும் மாட்டலாம். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதி வாங்க வேண்டியதையும் வாங்கிவிடலாம்.

கிளட்ச் வந்துவிட்டால் அக்காவால் ஓட்ட முடியாது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"சாதாவே போட்ருங்க அண்ணாச்சி" என்றேன்.

அக்கா பட்டறைக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் வந்து நின்றாள்.

"கிளட்ச் போடச் சொன்னியாமே?"

"அதான் நல்லதுன்னு அண்ணாச்சி சொல்லுதாரு."

"நான் ரெண்டையுந்தான் சொன்னேன் தங்கச்சி. என்னைய எதுக்கு இதுல கோத்துவிடுத?" என்று அண்ணாச்சி காருக்கு அடியில் புகுந்துகொண்டார்.

"நேராச் சொல்லேம்லே. நான் இதுல ஏறக் கூடாது. அதான?"

"வருசக்கணக்கா நீதான ஏறுன? நான் ஒங்க புழுதியத்தான தின்னுக்கிட்டு வந்தேன்."

"ஏ கிறுக்கா, புழுதின்னா கொஞ்சம் தள்ளி வாரது!"

காருக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை நாள் கேட்காதது வாயில் வந்தது.

"அப்படி என்னத்தக்கா சிரிச்சிய ரெண்டு பேரும்?"

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"எங்க அத்தைய மாதிரிப் பேசிக் காட்டுவேன்" என்றாள். பிறகு இடுப்பில் கையை வைத்து, மூக்கால் பேசினாள். "ஏ மருமவளே, கொழம்புல உப்பு போட்டியா, இல்ல தூத்துக்குடியில உப்பே தீந்துபோச்சா?"

அண்ணாச்சி அடியில் கிடந்தபடியே இருமி இருமிச் சிரித்தார். "இன்னொருக்கச் சொல்லு தாயி" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்பாராம். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அக்காவும் அழுதாள்.

இந்த மாதிரி அவளிடம் மூட்டை மூட்டையாக இருக்கும். என்னிடம் கயிறும் டீசலும்தான். கிளட்ச் போட்டால் கார் என் கைக்கு வந்துவிடும். அதற்குள் பேசிய பேச்சு வராது. அக்கா பஸ் ஏறி வரவும் ஒரு வேலை இருக்காது. அவளிடம் இருக்கும் அப்பாவை ஓட்டப்பிடாரத்திலேயே தனியாக வைத்துக்கொள்வாள். அதை நினைத்தபோது முன்னைவிட மோசமாக எரிந்தது.

"அண்ணாச்சி, கிளட்ச் வேண்டாம். உள்ளதையே பிரிச்சுச் சரி பண்ணுங்க."

"நேத்து ஒண்ணு சொல்லுத, இன்னைக்கு ஒண்ணு சொல்லுத. எத்தன நாளு ஓடும்னு என்னையக் கேக்கக் கூடாது பாத்துக்க."

"ஓடுற மட்டும் ஓடட்டும்" என்றேன். அக்காவிடம் திரும்பினேன். "நீயே ஓட்டு. ஆனா அப்பா ஒங்கிட்டப் பேசுனது பூராத்தையும் எனக்குச் சொல்லணும்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பூராத்தையும் சொல்ல மாட்டேம்லே. கொஞ்சம் எனக்கும் வேணும்."

கார் சரியாகி ஓடுகிறது. வத்தல் விலை பேசப் போகும்போதெல்லாம் அப்பா உட்கார்ந்த சீட்டில் நான். அக்கா சொல்கிறாள், நானும் கேட்கிறேன். சில இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறாள். அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட அந்தக் கொஞ்சத்தில் என்ன இருக்கிறதோ. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.