மாமன் மடிக்கு யார்?

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த அஞ்சலி மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய மூன்று தங்கைகளில் நடுவில் பிறந்த நான் எழுதுகிறேன். இது ஆற அமர எழுதியதல்ல. வீடு முழுக்கப் பிள்ளைகள். ஒரு வரி எழுதினால் ஒரு சண்டை விலக்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கும் இந்தக் கோடையில் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அண்ணன் பிறந்தது எறையூரில், ஓர் ஆடி மாதத்தில். அப்போது அது திருச்சி மாவட்டம். சான்றிதழில் ஜூன் என்று இருப்பது, பள்ளியில் சேர்ப்பதற்காக அப்பா சொன்னது. கரும்பு வெட்டப் போய்க் குடும்பம் நடத்திய அப்பா, அண்ணன் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தபோது தவறினார். படிப்பை முடித்த கையோடு அண்ணன் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். அக்காவுக்கும் எனக்கும் மணமுடித்த பிறகே தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். என் திருமணத்துக்கு முன்பே அவருடையது நடந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. என் மகன் அந்தப் பந்தலில் தவழ்ந்தான். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த தங்கையை, அண்ணனும் அண்ணியும் சேர்ந்துதான் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதை அண்ணன் குறையாகப் பேசி நான் கேட்டதில்லை. முழு ஆண்டுத் தேர்வு முடிகிற அன்றே ஃபோன் வந்துவிடும். “இன்னும் அங்க என்ன பண்றீங்க? புள்ளைங்கள பஸ் ஏத்தி வுடுங்க.” சித்திரை முழுக்கவும், வைகாசியில் பள்ளி திறக்கும்வரையும் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அரியலூரில்தான். ஷிஃப்ட் முடிந்து வரும்போது வெள்ளரிப் பிஞ்சோ தர்பூசணியோ கையில் இருக்கும். வாசல் குழாயடியில் அவர் குந்தினால், உடம்பில் ஒட்டிய தூசி போக ஆளுக்கொரு சொம்பு ஊற்றுவார்கள் பிள்ளைகள். கோபக்காரர்தான். ஆனால் கைநீட்டி அடித்தது, பழைய சுண்ணாம்புக்கல் குழியில் தேங்கிய தண்ணீர் பக்கம் போனவர்களை மட்டும். உட்கார்ந்து சாப்பிட்டதைவிட நின்றுகொண்டே சாப்பிட்டதுதான் அதிகம்.

சென்ற வைகாசியில் நெஞ்சு வலி என்று திருச்சி மருத்துவமனையில் சேர்த்தோம். தங்கை அப்போது கர்ப்பமாக இருந்தாள். படுக்கையில் இருந்தபடியே, “பொறக்கட்டும். காது குத்த வந்துருவேன்” என்று அவளிடம் சொன்னார். வீடு திரும்பவில்லை. கார்த்திகையில் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது நம் வழக்கம். எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் அண்ணன் மடிதான். துக்க ஆண்டு முடிந்ததும், வருகிற ஆனியில் செட்டிகுளம் மலை முருகன் கோயிலில் குத்துவதென்று முடிவாயிற்று. யார் மடி என்பது மட்டும் முடிவாகவில்லை. இந்தக் கோடை முழுவதும் அரியலூர் வீட்டில் அதே பேச்சு.

“ஜெயங்கொண்டத்துல சித்தப்பா மவன் இருக்கான்ல, அவனும் மாமன் முறைதானே?” என்றாள் அக்கா.

“எனக்கு அண்ணன் போட்டோ போதும். நாற்காலியில போட்டோவ வெச்சு…” என்று தங்கை தொடங்கினாள்.

“போட்டோ மடியில எப்புடிடி புள்ளைய உக்கார வெப்ப? வழுக்கி வுழாது?” என்றாள் அக்கா.

பிள்ளைகள் சிரித்தார்கள். தங்கை எழுந்து போய்விட்டாள். அண்ணி, கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம் கரண்ட் இல்லை. பெரியவர்கள் தரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தோம். முற்றத்தில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் காதுகுத்து விளையாட்டு. என் மகள் யாழினி, இரண்டாம் வகுப்பு, கையில் ஈர்க்குச்சியோடு ஆசாரியாக நிற்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலியில், தோளில் அண்ணனின் துண்டோடு, மடியில் தங்கையின் குழந்தையை வைத்துக்கொண்டு அண்ணி.

“யோவ் ஆசாரி, மெல்லக் குத்துய்யா. என் மருமவன் அழுதான்னா ஒனக்குச் சோறு கெடையாது.”

“மாமா, புள்ள தலைய ஆட்டாமப் புடிங்க!” என்று அதட்டினாள் ஆசாரி.

“அண்ணி!” என்றாள் அக்கா வாசற்படியிலிருந்து. “என்ன வெளயாட்டு இது?”

அண்ணி துண்டை எடுத்து மடித்தார். குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். “அத்தை எந்திரிச்சுட்டா எனக்கு யாரு காசு குடுக்குறது?” என்று யாழினி கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கணவரை இழந்தவர் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கும் இருக்கலாம். அதை மனதில் வைத்துத்தான் அக்கா சத்தம் போட்டாள்.

அன்று சாயங்காலமே ஜெயங்கொண்டத்திலிருந்து சித்தப்பா மகன் பைக்கில் வந்தான். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தான்.

“அக்கா, அண்ணன் எந்தக் காதுகுத்துல கண்ணத் தொறந்து வெச்சிருந்தாரு? ஊசியக் கண்டாலே மூடிக்குவாரு. பக்கத்துல உக்காந்து புள்ளையப் புடிச்சுக்கிட்டது அண்ணிதான். அவங்க இருக்கையில என்னைய எதுக்குக் கூப்புடுறீங்க?”

அவன் சொன்னது உண்மை. யாழினிக்குக் காது குத்தியது தை மாதத்தில். அந்தக் குளிரிலும் அண்ணனுக்கு நெற்றி வேர்த்திருந்தது. பிள்ளையின் தலை அண்ணியின் கைகளுக்குள் இருந்தது.

“என்னைய வுட்டுருங்க,” என்றார் அண்ணி. “நாளைக்குப் புள்ளைக்கு ஒரு சளி புடிச்சாலும் ஊரு என் மடியத்தான் சொல்லும். அத என்னால தாங்க முடியாது.”

தங்கை அப்போதே தன் மாமியாருக்கு ஃபோன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். அண்ணி மடியில் வைத்தே குத்தலாமா என்று கேட்டாள்.

“மாமன் சீரு யாரு கொண்டாருவா?”

“அண்ணிதான், அத்த.”

“சீரு அவங்களது, மடி மட்டும் வேற ஆளுதா? இதுக்கா ஃபோன் போட்ட? அடுப்புல பால் பொங்குது, வெய்யி.”

அக்கா வெகுநேரம் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, “பொடவை பெரம்பலூர்லயே எடுத்துருவோம். அண்ணிக்கு மாம்பழக் கலர் எடுப்பா இருக்கும்” என்றாள். அண்ணி மொட்டை மாடிக்குப் போய்க் காயாத துணிகளையெல்லாம் எடுத்து வந்துவிட்டார்.

அண்ணனைக் காப்பாற்றப் பாடுபட்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறைவைத்து மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்த ஆலைத் தோழர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துச் சோறு போட்ட தெருக்காரர்களுக்கும், இந்த ஓராண்டில் அண்ணியைத் தனியே விடாமல் வந்துபோன ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி. தொலைவிலிருந்து வந்தவர்கள் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். ஆனியில் செட்டிகுளத்துக்கும் வர வேண்டும்.

இவ்வளவும் எழுதி, அச்சகத்துக்குக் கொடுக்க இன்று காலை பெரம்பலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அண்ணி கேட் வரை வந்தார். அவர் சொன்னதை பஸ்ஸில் உட்கார்ந்து இங்கே சேர்க்கிறேன்.

“போற வழியில ஆசாரிகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு. புள்ள பால் குடிச்ச பொறவு வரட்டும். பசியோட இருந்தா என் மடியில நிக்காது.”