ரவுண்ட்ஸ் போன மறுநாள்

சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ஃபீல்டு ரைட்டராக இருந்தேன். காலையில் ஆள் பிரித்துவிட்டு, பழம் பறிப்பதை மேடும் பள்ளமுமாக நடந்து பார்ப்பதுதான் வேலை. பத்தாம் வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, அசதி போகவில்லை. விடியும்வரை தூங்கினாலும் மூட்டை சுமந்தவன் போலத்தான் எழுந்திருப்பேன். சேலத்தில் எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு யாரும் என்னை நம்பவில்லை.

'சோம்பேறி ரைட்டர்' என்று தொழிலாளர் குடியிருக்கும் லைனில் பேசிக்கொள்வது காதில் விழும். கல்யாணம் ஆகாதவன், குவார்ட்டர்ஸில் தனியாள். நான் படும் பாட்டைப் பார்க்க வீட்டிலும் ஆளில்லை.

குடோனில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டேன். கிடைக்காவிட்டால் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான். மேனேஜரை நாங்கள் துரை என்போம். "நேர்ல வந்து பாக்கறேன்" என்றார்.

துரை ரவுண்ட்ஸ் வந்தால் ரைட்டர் முன்னால் நடக்க வேண்டும், அது எஸ்டேட் வழக்கம். அவர் வந்ததும் கால் தானாக முன்னால் போய்விட்டது. தோட்டத்தின் மூன்று பிளாக்கும் ஏறி இறங்கிக் காட்டினேன். முட்டாள் நான், முட்டாள்!

"என்னைவிட வேகமா ஏறறே. உனக்கு ஒண்ணும் இல்லைய்யா" என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அப்புறம் மூன்று நாள் படுக்கை. சாயங்காலம் பறித்த பழத்தை எடை போட்டுத் திரும்புகிறவர்களின் பேச்சு கதவைத் தாண்டிப் போகும். ஒருவரும் தட்டவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

நாலாம் நாள், பழம் பறிக்கும் ஆரோக்கியமேரி கஞ்சி கொண்டுவந்தாள். நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பதைப் பார்த்தாள். நேரே ஆபீசுக்குப் போய்விட்டாள்.

"ஏனுங்க தொரை, உங்ககூட நடக்கற அன்னிக்கு ரைட்டரு நல்லாத்தானுங்க இருப்பாரு. மறுநாளு அவரு ஊட்டுக்கு வந்து பாருங்க. பாவம், நொம்பக் கஷ்டப்படறாருங்க" என்றாளாம்.

அடுத்த மாச ரவுண்ட்ஸிலும் நான்தான் முன்னால் நடந்தேன். மறுநாள் கதவு தட்டும் சத்தம். திறந்துதான் இருந்தது, துரை உள்ளே வந்தார். எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. துரை வந்து நான் எழாதது அதுதான் முதல் தடவை. "படுய்யா" என்றவர், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

குடோன் வேலை கிடைத்தது. அது நாள்பட்ட சோர்வு நோய் என்று ரொம்ப வருஷம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். இன்னும் குணமாகவில்லை. உடம்பு தெம்பாக இருக்கும் நாளிலும் பாதி வேலையில் உட்கார்ந்துவிடப் பழகிக்கொண்டேன்.

உங்களோடு வேலை செய்கிறவர் அசதி என்று சொன்னால், அவர் ஓடியாடின நாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். மறுநாள் போய் அவர் கதவைத் தட்டுங்கள்.