குத்துக்கல்லின் உத்தரவு

நேற்று சிம்மக்கல் கடையொன்றில் விளக்கெண்ணெய் வாடை அடித்ததும், தொண்ணூறுகளில் அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் புஞ்சையில் நின்ற குத்துக்கல் நினைவுக்கு வந்தது. சாலையை அகலப்படுத்தியபோது அதைப் பெயர்த்துவிட்டார்கள். இரண்டு ஆள் உயரம், எண்ணெய் குடித்துக் கறுத்த மேனி, எந்தக் காலத்திலோ யாரையோ புதைத்த இடத்தில் நட்டது என்பார்கள். ஜல்லிக்கட்டுக்குப் போகும் காளை அதில் முகம் வைத்தால்தான் உத்தரவு. வைக்காவிட்டால் அந்த வருடம் வாடிவாசல் இல்லை.

எங்கள் செவலைக் காளைக்கு அது முதல் வருடம். தப்பும் உறுமியும் நெஞ்சுக்குள் அதிர, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து நான் முன்னால் வந்துவிட்டேன். செவலை கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏத்தா, ஒன் காளைக்குச் சாமிய இன்னும் பழக்கிவிடலயா?" என்று ஒருவர் கேட்க, அதைக் கன்றிலிருந்து வளர்த்த என் அத்தையின் முகம் சுண்டிவிட்டது.

"எண்ணெ தேய்க்க வாரேன், வழிவிடுங்கண்ணே" என்று போய்க் கல்லில் அழுத்தித் தேய்த்தாள். அவள் விரலிடுக்கில் உப்பு மினுங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

செவலை மூக்கை நீட்டியது, முகம் வைத்தது, நக்கியது. குலவை கிளம்பியது, நானும் குதித்தேன். ஆனால் அது நக்குவதை நிறுத்தவில்லை. கல்லைவிட்டு இழுக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

"எம்புட்டு பக்தி, பாருங்கடா" என்றார் பூசாரி.