கொம்பு வைத்த ஏழு

கண் அழுத்த நோய் ஸ்டீபனின் பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டே வந்து, கடைசியில் ஒரு மங்கல் வெளிச்சத்தை மட்டும் மிச்சம் வைத்தது. கட்கி பஜாரில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். அந்த வேலையை விட்ட பிறகு, சிஞ்ச்வட் ஃப்ளாட்டில் சின்ன மின்சார அடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு குடியிருப்பில் உள்ளவர்களுக்குப் பாவ் ரொட்டியும் பிஸ்கெட்டும் போட்டுக் கொடுத்தார். பிசையவும் உருட்டவும் அவருக்குக் கண் தேவைப்படவில்லை. வெந்ததா என்பதை வாசனையே சொல்லிவிடும். நிறுக்கத்தான் முடியவில்லை.

“ஜான்சி, காட்டா என்ன சொல்லுது?” என்பார். தராசுக்கு அந்த வீட்டில் மராத்திப் பெயர்தான்.

அவர் மனைவி ஜான்சி போசரியில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். காலை ஷிஃப்டுக்கு ஓடுவதற்கு முன் மைதா, உப்பு, ஈஸ்ட் எல்லாவற்றையும் கிண்ணம் கிண்ணமாக நிறுத்து வைக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட நாட்களில் அவள் மூச்சு வாங்கப் படியிறங்குவது அவர் காதில் விழும். ஒரு நாள் அவரே சொல்லிவிட்டார்: “போதும் ஜான்சி. இனிமே பாவ் கெடையாதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிரு.”

அதன் பிறகு அடுப்பு அணைந்தே கிடந்தது. அவர் பால்கனியில் உட்கார்ந்து லோக்கல் ரயில் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதை ஜான்சியால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் மாடியில் இருந்த கோயம்புத்தூர்க்காரி ஸ்ரீவித்யா, எடையை வாயால் சொல்லும் தராசை இணையத்தில் தேடிக் காட்டினாள். ஸ்டீபன் இசையவில்லை. பேக்கரியிலிருந்து கொண்டுவந்த தராசு அவருடையது. அதன் அகலமான தட்டும் பொத்தான்களும் அவர் விரல்களுக்குப் பழகியவை. புதிதாக ஒன்றைப் பழகத் தெம்பில்லை என்றார்.

“அப்ப இதையே பேச வெப்போமுங்க அக்கா,” என்றாள் ஸ்ரீவித்யா. அவள் ஐ.டி.க்காரி. ஓய்வு நேரத்தில் சின்னச் சின்ன போர்டுகளை வைத்து ஏதாவது செய்துகொண்டிருப்பவள்.

ஞாயிற்றுக்கிழமை தராசின் அடிமூடியைத் திருகிக் கழற்றினார்கள். எடையைக் கணக்கிடும் பகுதியிலிருந்து சிவப்பு எண்கள் எரியும் பகுதிக்கு மெல்லிய ஒயர்கள் போயின. எந்தக் கோடு எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்ற சேதி அவற்றில் இரண்டின் வழியாகத்தான் ஓடியது. ஜான்சி மீட்டரை வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அந்த இரண்டையும் கண்டுபிடித்தாள். அவற்றில் இன்னும் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து, புத்வார் பேட் கடையில் வாங்கிய உள்ளங்கை அளவு போர்டுக்குக் கொண்டுபோனாள்.

“தராசு பாட்டுக்குத் தராசு வேலையப் பாக்கும். இது பக்கத்துல நின்னு ஒட்டுக்கேக்கும், அவ்வளவுதான்,” என்று ஸ்டீபனுக்கு விளக்கினாள்.

“கேட்டுட்டு?”

“உங்க கிட்ட வந்து சொல்லும்.”

ஒவ்வொரு எண்ணுக்கும் எந்தெந்தக் கோடு எரிகிறது என்று ஸ்ரீவித்யா நிரல் எழுதினாள். குரல் ஜான்சியுடையது. பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் விழாதிருக்க அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, சைபரிலிருந்து ஒன்பது வரை ஃபோனில் பதிவு செய்தாள். ஒரு வெங்காயத்தையும் சர்க்கரைப் பொட்டலத்தையும் வைத்துப் பார்த்தார்கள். தராசு அவள் குரலில் சரியாகச் சொன்னது. ஸ்டீபன் சிரித்தபடி தட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து ஜான்சி வந்தபோது வீட்டில் பாவ் வாசனை இல்லை. குப்பைக்கூடையில் செய்தித்தாளில் சுற்றிய மாவு உருண்டை கிடந்தது.

“என்னங்க இது?”

“கை தப்பிருச்சு. விடு.”

“அது பேசலையா?”

“பேசுச்சு. நடுவுல நடுவுல வாயை மூடிக்கிச்சு. தட்டுல நாந்தான் சரியா வைக்கலையோன்னு இன்னும் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டேன். கூடிப்போச்சு.”

“ஒரு ஃபோன் பண்ணிருக்கலாம்ல.”

“அவ்வளவு ஆசையாச் செஞ்சு வச்சிருக்க. சரியில்லன்னு எப்படிச் சொல்ல?”

ஜான்சி பையைக் கூடக் கழற்றாமல் கிண்ணத்தைத் தட்டில் வைத்துத் துவரம்பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். “ஆறு, எட்டு” என்றது. “ஆறு, ஒன்பது” என்றது. இன்னும் சில பருப்பு விழுந்ததும் மௌனம். எண்பது வரும்வரை வாய் திறக்கவில்லை. குனிந்து பார்த்தாள். அந்தத் தராசு ஏழு எழுதும்போது இடது பக்கம் கொம்பு மாதிரி ஒரு கோட்டையும் சேர்த்து எரித்தது. நிரலில் இருந்ததோ கொம்பில்லாத ஏழு. தெரியாத வடிவம் வந்ததும் போர்டு பேசாமல் இருந்துவிட்டது.

“உங்க கையில தப்பில்ல,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “ஏழுக்குக் கொம்பு மொளச்சிருக்கு.”

என்னவென்று புரிந்ததும் ஸ்டீபன் வெகுநாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஸ்ரீவித்யா லேப்டாப்போடு இறங்கி வந்து நிரலில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தாள். அந்த வாரமே பாவ் வாசனை படிக்கட்டில் இறங்கியது.

மழைக்காலத்தில் தூத்துக்குடியில் ஜான்சியின் அக்கா லலிதாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. முன்பென்றால் போயிருக்க மாட்டாள். இப்போது ஸ்டீபனே டிக்கெட் எடுக்கச் சொன்னார். “ரெண்டு வேளைச் சாப்பாட்ட ஸ்ரீவித்யா பாத்துக்கும். பாவ் வேலைக்கு நான் இருக்கேன். போயிட்டு வா.”

சோலாப்பூரில் வண்டி நின்றபோது பிளாட்ஃபாரத்தில் இறங்கி அவருக்குப் பேசினாள். “சாப்பிட்டீங்களா?”

“இரு, இரு. நீ என்னமோ சொல்லுத.”

ஃபோனுக்குள் தூரத்தில் ஒரு பெண் குரல். “ரெண்டு… அஞ்சு… சைபர்.” தன் குரல் இத்தனை பொறுமையானது என்று ஜான்சிக்கு அதுவரை தெரியாது.

“என்ன சொன்னேன்?” என்று கேட்டாள்.

“இருநூத்தம்பது. வெண்ணெய். சரியாத்தான் சொல்லிருக்க.” சாமான் நகரும் சத்தம் கேட்டது. “வண்டி ஊதுது பாரு. ஏறிக்கோ.”