வறண்ட வாய்க்காலில் இரண்டடி

எண்பதுகளின் நடுப்பகுதியில், கல்முனைக்குத் தெற்கே ஒரு நீர்ப்பாசன அலுவலகத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளன். வாய்க்கால்களின் நீர்மட்டத்தைத் தானாகக் காட்டும் இரும்புப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. அதில் மின்சுற்று அட்டைகளை வரிசையாகச் செருகலாம். வாய்க்காலில் நின்று நீர்மட்டத்தை அளக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அட்டை. கருவி அனுப்புவது வோல்ட் மட்டும்தான். எத்தனை வோல்ட்டுக்கு எத்தனை அடி என்பதை நாம்தான் பெட்டிக்குச் சொல்ல வேண்டும்.

"தண்ணி இல்லாட்டிச் சைபர் வோல்ட், பத்தடிக்கு அஞ்சு வோல்ட். இதுல யோசிக்க என்ன இரிக்கி?" என்றார் பொறியியலாளர்.

அப்படியே இட்டேன். நிரம்பி ஓடிய தலைவாய்க்காலில் சோதித்தோம். அளவுகோலும் பத்தடி, பெட்டியும் பத்தடி. அன்றைய நாட்குறிப்பில் 'சரி' என்று எழுதியிருக்கிறேன்.

சிறுபோகத்தில், அந்தக் கோடை நெல் பருவத்தில், கடைசி வாய்க்காலின் வட்டைவிதானை அலுவலகத்துக்கு வந்தார். அந்த வயல்வெளிக்கு நீர் பங்கிடுவது அவர் பொறுப்பு.

"வெள்ளாமை குடலையில நிக்கி சேர், கதிர் வெளிய வாற நேரம். ஆறு நாளா ஒரு சொட்டுத் தண்ணி வரல்ல. இன்னும் ரெண்டு மூணு நாள் போனா எல்லாம் பதர்தான். மேல் மதகத் தொறந்து உடுங்க."

பொறியியலாளர் பெட்டியைக் காட்டினார். "உங்கட வாய்க்கால்ல ரெண்டடித் தண்ணி நிக்கி. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியா."

"அப்ப அந்தப் பெட்டிக்குள்ளயே வெதச்சிப் பாருங்க சேர்! நேத்துப் பின்னேரம் அஸர் தொழுகைக்கு ஒலுச் செய்யத் தண்ணி இல்லாம, அந்த வாய்க்கால் மண்ணுலதான் தயம்மும் செஞ்சி தொழுத நான். ரெண்டடித் தண்ணிக்குள்ள நிண்டு தயம்மும் செஞ்ச ஆள் இந்தத் துனியாவுல நான் மட்டும்தான்."

தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவுவது ஒலு. தண்ணீர் கிடைக்காத இடத்தில்தான் அதற்குப் பதிலாக மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்யலாம். தொழுகையை வைத்துப் பொய் சொல்லும் மனிதரல்ல அவர்.

அவர் போனதும் பொறியியலாளர் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "ரெண்டடி எண்டு போட்டுக் கையெழுத்து வைங்க."

"வாய்க்காலப் பாக்காம வெக்கமாட்டன் சேர்."

சைக்கிளில் போனேன். வாய்க்கால் அடியில் மண் வெடித்துக் கிடந்தது. கருவியின் கம்பியில் மீட்டரை வைத்தேன்: சரியாக ஒரு வோல்ட். திரும்பி வந்து, யாரும் பிரிக்காத கையேட்டைப் பிரித்தேன். தண்ணீரே இல்லாதபோதும் ஒரு வோல்ட் அனுப்பும்படி செய்யப்பட்ட கருவி அது. சைபர் வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். நாங்கள் இட்ட கணக்கில் அந்த ஒரு வோல்ட் இரண்டடித் தண்ணீராகியிருந்தது. நீர் ஏற ஏற அந்தப் பிழை சுருங்கும். பத்தடியில் இல்லாமலே போகும். தண்ணீர் நிறைந்த வாய்க்காலில் மட்டும் சோதித்துவிட்டுச் 'சரி' என்று எழுதியவன் நான்.

"அதுல கை வைக்கப்படா. கொழும்பால ஆள் வந்துதான் மாத்தோணும்," என்றார் பொறியியலாளர்.

"அவர் வாற நேரம் வெட்ட வைக்கல்தான் இரிக்கும்," என்றேன். அவர் கண்முன்னாலேயே ஒரு வோல்ட்டுக்குச் சைபர் அடி என்று மாற்றினேன். எண் இரண்டிலிருந்து சைபருக்கு விழுந்தது.

"இப்ப அறிக்கையத் தாங்க சேர், கையெழுத்து வெக்கிறன்."

கடைசி வாய்க்கால் சைபர் காட்டினால் மேல் மதகைத் திறக்க வேண்டும் என்பது பொறியியலாளரே எழுதிய விதி. அன்று மாலையே திறந்தார். மறுநாள் காலை கடைசி வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். பகல் என் மேசையில், அனுமதியின்றிப் பெட்டியில் கை வைத்ததற்கு விளக்கம் கேட்டுப் பொறியியலாளரின் கடிதம்.

நான் எழுதிக் கொடுத்த பதிலின் பிரதி நாட்குறிப்பில் ஒட்டியிருக்கிறது: 'வாய்க்கால் காய்ந்திருந்தது. பிழையான அளவை இட்டவன் நான், திருத்தியவனும் நான். இனியும் இப்படிக் கண்டால் அனுமதி கேட்கமாட்டேன்.'